புன்னை எண்ணெய், கிளிஞ்சல், சீமைக்கருவேலங்கரி: உப்புக்காற்றில் ஒரு வினையூக்கியைப் பிழைக்கவைத்த அனுபவம்

ஒரு தாவர எண்ணெயை மெத்தில் எஸ்டராக (பயோடீசலாகவும், கிரீஸைக் கரைக்கிற திரவமாகவும் பயன்படுகிற பொருள் அது) மாற்ற, எண்ணெயிலிருந்து வினையூக்கி வரை எல்லாவற்றையும் ராமநாதபுரம் கடற்கரையிலேயே எடுத்துக்கொள்ள முடியுமா? இதுதான் கேள்வி. எண்ணெய்க்குப் புன்னை இருக்கிறது. கார வினையூக்கிக்குக் கிளிஞ்சல், சுட்டால் அது சுண்ணாம்பாகிவிடும். அமில வினையூக்கிக்கு, இந்த மாவட்டத்தில் யாரும் தேடிப்போக வேண்டாத சீமைக்கருவேலம். வெளியிலிருந்து வர வேண்டியது முக்கியமாக மெத்தனாலும் கந்தக அமிலமும்தான். நான் மண்டபத்துப் பக்கம் இருந்துகொண்டு ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவன், வேலை முழுக்க அந்த ஆய்வகத்தில், ஆவியை வெளியே இழுத்துவிடுகிற ஃபியூம் ஹூட்டுக்குள் நடந்தது. முடியும் என்பதுதான் பதில். ஆனால் செய்முறைக் குறிப்புகள் ஒரே வரியில் தாண்டிப்போகிற ஒரு விஷயம் இங்கே பாதி வேலையைத் தின்றது. உலையில் சுட்டு எடுத்த சுண்ணாம்பு, குடுவைக்குள் போய்ச் சேர்வதற்குள் நம் காற்றில் செத்துவிடுகிறது. அதை எப்படிச் சமாளித்தோம் என்பதைத்தான் விரிவாக எழுத வந்தேன், மற்றதெல்லாம் அதற்கு முன்கதை.

முதலில் வேதியியலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் மூலக்கூறு என்பது ஒரு கிளிசரால் முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் மாட்டியிருப்பது. மெத்தனால் வந்து அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது, கிளிசரால் தனியாகக் கீழே இறங்கிவிடுகிறது. வினையூக்கி இல்லாமல் மெத்தனாலின் கொதிநிலையில் நாள் முழுக்கக் கலக்கினாலும் ஒன்றும் நடக்காது. வழக்கமாக இதற்குச் சோடியம் ஹைட்ராக்சைடோ பொட்டாசியம் ஹைட்ராக்சைடோ போடுவார்கள், ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் அது மெத்தனாலில் கரைந்து போகிற சாமான், திரும்பி வராது. அப்புறம் அமிலம் போட்டு நடுநிலையாக்கி, தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டும், அந்தச் சோப்புத் தண்ணீரை எங்கே கொட்டுவது என்பது வேறு தலைவலி. குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கிற ஊர்களில் உட்கார்ந்துகொண்டு, எண்ணெயைவிட அதிகமாகத் தண்ணீர் செலவாகிற ஒரு முறையைச் சொல்லிக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. கரையாமல் திடமாகவே நின்று வேலை செய்கிற வினையூக்கி என்றால் வடிகட்டி எடுத்துவிடலாம். அதனால்தான் கிளிஞ்சல்.

புன்னைக் கொட்டை உச்சிப்புளிப் பக்கத்துத் தோட்டங்களில் பொறுக்கியது. இதைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம், பச்சைக் கொட்டையை உடைத்துப் பார்த்துவிட்டு இதில் எண்ணெயே இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். பறித்த புதிதில் பருப்பு வெளுத்து, மாவு மாதிரி இருக்கும், நகத்தால் கீறினால் விரலில் ஈரம்கூட ஒட்டாது. நிழலில் வாரக்கணக்கில் காயக் காய அது பழுப்பாகிறது, பிறகு கருஞ்சிவப்பு, கடைசியில் கத்தியை வைத்தாலே வெட்டிய முகத்தில் எண்ணெய் முத்து முத்தாகக் கசியும். காய்ந்த பருப்பின் எடையில் பாதிக்கு மேல் எண்ணெய்தான். செக்கில் ஆட்டிக் கிடைப்பது கரும்பச்சை நிறத்தில், பிசுபிசுவென்று, தனி வாசனையோடு இருக்கும். சமையலுக்கு ஆகாது. விளக்கெரிக்கவும், மரப் படகுக்குப் பூசவும் இந்தக் கரையில் பழைய ஆட்கள் வைத்திருந்த எண்ணெய் இது. சாப்பாட்டு எண்ணெயோடு போட்டி போடாத எண்ணெய் என்பதே எனக்குப் போதுமான காரணமாக இருந்தது.

அந்தப் பச்சை நிறத்துக்குள் பிசின் நிறைய இருக்கிறது. பாஸ்பாரிக் அமிலம் துளியளவு சேர்த்து, 60 டிகிரியில் வெதுவெதுப்பாகக் கலக்கி, ஒரு ராத்திரி நிற்கவிட்டால் கீழே கருப்பாகக் கசடு இறங்கும். அதைத் தள்ளிவிட்டு வெந்நீரில் கழுவி, 110 டிகிரி வரை சூடாக்கி ஈரத்தை ஓட்டிய பிறகுதான் அமில எண் (ஒரு கிராம் எண்ணெயில் இருக்கிற தனி அமிலத்தை நடுநிலையாக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தேவை என்ற கணக்கு) பார்த்தேன். ஒரு கிராம் எண்ணெயை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, பினால்ப்தலீன் விட்டு, 0.1 நார்மல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேஷன், அதாவது நிறம் மாறும்வரை காரத்தைத் துளித்துளியாக விடுவது. எண்ணெயே பச்சையாக இருப்பதால் இளஞ்சிவப்பு வருவது கண்ணுக்குச் சரியாகப் படாது, அழுக்குப் பழுப்பாகத்தான் திரும்பும். பக்கத்தில் காரம் விடாத இன்னொரு குடுவையை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் பிடிபடும். 7.2 மி.லி. இறங்கியது. ஒரு மி.லி.யில் 5.61 மில்லிகிராம் காரம், அதனால் 5.61-ஆல் பெருக்கினால் அமில எண் சுமார் 40, அதாவது எண்ணெயில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு, கிளிசராலில் மாட்டாமல் தனியாகத் திரிகிற கொழுப்பு அமிலம். புன்னைக்கு இது அதிசயமில்லை. ஆனால் சுண்ணாம்பு வினையூக்கிக்கு அமில எண் 2-க்குக் கீழே வந்தாக வேண்டும்.

வராவிட்டால் என்ன ஆகும் என்று மாணவர்களுக்குக் காட்டுவதற்காகவே அந்த 40 எண்ணெயை அப்படியே எடுத்து, 100 கிராமுக்கு 5 கிராம் சுட்ட சுண்ணாம்பு போட்டு, மெத்தனாலோடு கொதிக்கவிட்டோம். கணக்கு முன்கூட்டியே தெரிந்ததுதான். 100 கிராமில் 20 கிராம் தனி அமிலம் இருந்தால் அது கிட்டத்தட்ட 2 கிராம் கால்சியம் ஆக்சைடை (சுட்ட சுண்ணாம்பு என்பது இதுதான்) பிடித்துக் கால்சியம் சோப்பாக்கிவிடும், அந்தச் சோப்பு மட்டுமே 20 கிராமுக்கு மேல் வரும், மிச்சம் இருக்கிற சுண்ணாம்புத் துகள்களின் மேலும் அதுவே போய்ப் படியும். அரை மணி நேரத்தில் கலக்கும் கருவி திணற ஆரம்பித்தது. ஆறவிட்டபோது குடுவையில் இருந்தது எண்ணெயும் இல்லை, எஸ்டரும் இல்லை, பச்சை நிறத்தில் ஒரு கொழகொழப்பு. அன்றைக்கு ஆய்வகத்துக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அண்ணன் (நாட்டுப்படகு வைத்திருக்கிறார்) கண்ணாடிக் கம்பியில் கொஞ்சம் எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, “சார், இது கிரீஸுல்ல?” என்றார். உண்மையிலேயே அதுதான். எண்ணெய்க்குள் கால்சியம் சோப்பை விரவி உறையவைத்ததுதான் பழைய கால்சியம் கிரீஸ், தண்ணீருக்கு அசையாது என்பதால் படகுச் சாமான்களுக்கு அதைத்தான் போட்டுவந்தார்கள். எனக்கு வேண்டியது அது இல்லை என்றாலும், புன்னையில் இருந்து நல்ல கிரீஸ் எடுக்க முடியுமா என்று யாராவது தனியாக இறங்கிப் பார்த்தால் வீண்போகாது என்று நினைக்கிறேன்.

சரி, அமிலத்தை இறக்க வேண்டும். தனிக் கொழுப்பு அமிலத்தை அமில வினையூக்கி வைத்து மெத்தனாலோடு சேர்த்தால் அதுவும் எஸ்டராகவே மாறிவிடும், ஒன்றும் வீணாகாது. கந்தக அமிலத்தை நேரடியாக எண்ணெயில் விட்டால் வேலை நடக்கும், ஆனால் மறுபடியும் கழுவல், மறுபடியும் அமிலத் தண்ணீர். 2005-இல் ஜப்பானில் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் மிச்சிகாசு ஹாராவின் குழு ஒரு அழகான வழி காட்டியது. சர்க்கரையை 400 டிகிரி அளவில் அரைகுறையாகக் கரியாக்கி, அதைக் கந்தக அமிலத்தில் சூடாக்கினால் கரியின் மேலேயே சல்போனிக் அமிலக் குழுக்கள் ஒட்டிக்கொள்கின்றன, தண்ணீரில் கரையாத திட அமிலம் ஒன்று கிடைத்துவிடுகிறது. இதில் உயிரான விஷயம் அந்த அரைகுறைதான். கரி முழுக்க வெந்து இறுகிவிட்டால் அமிலக் குழு ஒட்டுவதற்கு இடம் குறைந்துபோகிறது.

இங்கேதான் நம் மாவட்டத்துக் கரிமூட்டம் நினைவுக்கு வந்தது. முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி என்று போனால் சீமைக்கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் போட்டு மூடி, உள்ளே புகையவிட்டுக் கரியாக்குகிற மூட்டங்களைப் பார்க்கலாம். மூட்டம் பிரிக்கும்போது நன்றாக வெந்த கரி தட்டினால் கணீரென்று கேட்கும், உடைத்த முகம் பளபளக்கும், அதற்குத்தான் விலை. ஓரத்தில் சூடு போதாமல் கிடந்த துண்டுகள் பழுப்புக் கலந்து இருக்கும், அடுப்பில் போட்டால் புகையும், வியாபாரி எடுக்க மாட்டார். நான் கேட்டு வாங்கியது அந்தப் புகைகிற கரியைத்தான். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல கரியும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். இரண்டையும் தனித்தனியாகப் பொடித்து, சலித்து, அடர் கந்தக அமிலத்தில் 150 டிகிரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் வைத்து, ஆறிய பிறகு பெரிய பீக்கரில் குளிர்ந்த தண்ணீருக்குள் மெதுவாக ஊற்றி (தண்ணீரை அமிலத்துக்குள் ஒருபோதும் ஊற்றக்கூடாது), வடிகட்டி, வெந்நீரில் கழுவிக்கொண்டே இருந்தோம். எப்போது போதும்? கழுவின தண்ணீரில் பேரியம் குளோரைடு விட்டால் வெள்ளையாகக் கலங்கக்கூடாது, அதுவரை. இந்தக் கழுவலில் பொறுமை இழந்தால் கரியில் ஒட்டாத அமிலம் எண்ணெய்க்குள் கரைந்து வேலை செய்யும், நாம் கரிதான் செய்தது என்று நம்பிக்கொண்டிருப்போம். வீட்டில் செய்கிற காரியம் இல்லை இது. 150 டிகிரியில் இருக்கிற கந்தக அமிலம் தோலில் பட்டால் என்ன ஆகும் என்று எழுதக்கூட விரும்பவில்லை.

கரியில் எவ்வளவு அமிலம் ஒட்டியிருக்கிறது என்று பார்க்க உப்புக் கரைசல் போதும். கரிப்பொடியைச் சோடியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்தால் சோடியம் உள்ளே போய் உட்கார்ந்து ஹைட்ரஜன் அயனி வெளியே வரும், வடிகட்டிய நீரை டைட்ரேஷன் செய்தால் கணக்கு கிடைத்துவிடும். விலைபோகாத கரிக்கு வந்த அளவில் நல்ல கரிக்குப் பாதிகூட வரவில்லை.

100 கிராம் எண்ணெய், 40 மி.லி. மெத்தனால், 5 கிராம் கரி, 65 டிகிரி, நான்கு மணி நேரம். அமில எண் 40-இல் இருந்து 9-க்கு வந்து நின்றுவிட்டது. இன்னும் எவ்வளவு நேரம் விட்டாலும் இறங்காது, ஏனென்றால் எஸ்டர் உண்டாகிறபோது தண்ணீரும் உண்டாகிறது, அந்தத் தண்ணீரே வினையைப் பின்னால் இழுக்கிறது. மேலே நிற்கிற மெத்தனால், தண்ணீர் அடுக்கைப் பிரிபுனலில் பிரித்துவிட்டு, புது மெத்தனால் ஊற்றி இரண்டாவது தடவை ஓட்டினோம். 1.7. கூடவே எதிர்பாராத ஒரு லாபம், எண்ணெயின் பச்சையையும் கரி ஓரளவு உறிஞ்சிக்கொண்டது. அந்த லாபத்துக்கு விலையும் உண்டு. உறிஞ்சின பிசின் கரியின் மேலேயே தங்கிவிடுகிறது, அதே கரியைக் கழுவி அடுத்தடுத்துப் போடும்போது அமில எண் முன்பு இறங்கிய அளவுக்கு இறங்குவதில்லை. பிசினை முன்கூட்டியே எவ்வளவு சுத்தமாக எடுக்கிறோமோ அவ்வளவு காலம் கரி உழைக்கும்.

இனி கிளிஞ்சல். கரையில் கிடக்கிறதே என்று எதையும் அள்ளிவிடக்கூடாது, இதை அழுத்திச் சொல்கிறேன். மன்னார் வளைகுடாவின் தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளப்பாறைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் பவளக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக்குக் கொண்டுபோனார்கள், அதனால் கரைக்கு வந்த கேடு போதும். செத்த பவளத் துண்டானாலும் தொட வேண்டாம். நான் எடுத்தது சமையலில் சதையை எடுத்த பிறகு குவித்துப்போட்டிருந்த மட்டிச் சிப்பி. பிரஷ் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து, உரலில் இடித்து, 200 கிராம் எடுத்து மஃபிள் உலையில் 900 டிகிரியில் மூன்று மணி நேரம். வெளியே எடுத்தபோது 111 கிராம். சுத்தமான கால்சியம் கார்பனேட்டாக இருந்தால் கரியமில வாயு போக 112 கிராம் நிற்க வேண்டும், அந்த ஒரு கிராம் குறைவுக்குக் காரணம் சிப்பிக்குள் இருந்த புரதமும் ஈரமும். எடை சரியாக வந்தால் உள்ளே வேகாத சிப்பி இல்லை என்று அர்த்தம். 700 டிகிரியில் அதே நேரம் வைத்த இன்னொரு தட்டில் எடை அவ்வளவாகக் குறையவே இல்லை, நிறம் மட்டும் சாம்பலாகித் திரும்பியிருந்தது.

இப்போது காற்று. கால்சியம் ஆக்சைடுக்குத் தண்ணீரும் கரியமில வாயுவும் எங்கே கிடைக்கும் என்று ஒரு பசி. வெறும் காற்றில் வைத்தாலே முதலில் ஹைட்ராக்சைடு, பிறகு மேற்பரப்பில் மறுபடியும் கார்பனேட், அதாவது சுடுவதற்கு முன்னால் இருந்த சிப்பியே திரும்பி வந்துவிடுகிறது. எந்த ஊரிலும் இது நடக்கும், ஆனால் மண்டபத்தில் இரண்டு பக்கமும் கடல். ஒரு வாட்ச் கிளாஸில் (குழிந்த சின்னக் கண்ணாடித் தட்டு) 5 கிராம் பொடியைப் பரப்பி ஆய்வக மேசையில் திறந்து வைத்தோம், காலையில் 6.3 கிராம். முழுக்க ஹைட்ராக்சைடு ஆனால் 6.6 வர வேண்டும், அப்படியென்றால் ஒரே ராத்திரியில் பெரும்பகுதி முடிந்தது. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, அதே வெள்ளைப் பொடி. அதனால்தான் இது ஏமாற்றுகிறது, வினை நடக்காதபோது எண்ணெயையும் மெத்தனாலையும் சந்தேகப்படுவோமே தவிர ஜாடிக்குள் இருக்கிற வெள்ளைப் பொடியைச் சந்தேகப்பட மாட்டோம். கல்சுண்ணாம்புக் கடையில் வாங்கிய காளவாய்ச் சுண்ணாம்பையும் வைத்துப் பார்த்தேன், கட்டியின் நடுப்பகுதி நன்றாக இருந்தது, மேல்தோல் பொடிப்பொடியாக உதிர்ந்து எதற்கும் ஆகாமல் போயிருந்தது.

2007-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் இதையே அளந்து சொல்லியிருக்கிறார்கள், காற்றில் பட்ட கால்சியம் ஆக்சைடைத் திரும்ப 700 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, மேலே ஒட்டின கரியமில வாயுவை விரட்டினால்தான் அது பழையபடி வேலை செய்யும் என்று. ஒவ்வொரு தடவையும் உலை ஓட்ட முடியுமா? இங்கே மின்சாரம் போய் வருகிற அழகில் முடியாது. அதனால் உலையில் இருந்து சூடாக இருக்கும்போதே சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில், ஒரு வினைக்கு ஒரு குப்பி என்ற கணக்கில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடியுள்ள பாத்திரம்) வைத்தோம். பெரிய ஜாடியில் மொத்தமாக வைத்து அடிக்கடி திறந்தால் டெசிகேட்டர் வைத்தும் பயன் இல்லை.

போடுவதற்கு முன் ஒரு சோதனை, இதை யாரும் விடக்கூடாது. சோதனைக்குழாயில் ஒரு சிட்டிகை பொடி, அதில் நான்கைந்து துளி தண்ணீர். உயிருள்ள சுண்ணாம்பு என்றால் உடனே சீறும், குழாயின் அடியை மணிக்கட்டில் வைத்தால் சுரீரென்று சுடும். சூடே இல்லை என்றால் அது ஏற்கெனவே ஈரம் பட்டு நீறிப்போனது. இன்னொரு சிட்டிகையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பார்த்தால், நுரைத்துக்கொண்டு வந்தால் கார்பனேட் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு நிமிட வேலை, மூன்று மணி நேர வினையைக் காப்பாற்றும்.

வினை: அமிலம் இறக்கின எண்ணெய் 100 கிராம், மெத்தனால் 55 மி.லி. (எண்ணெய் மூலக்கூறு ஒன்றுக்குப் பன்னிரண்டு மெத்தனால் என்ற கணக்கு, தேவையானது மூன்றுதான், மிச்சம் வினையை முன்னால் தள்ள), சுண்ணாம்பு 5 கிராம். சுண்ணாம்பையும் மெத்தனாலையும் முதலில் அரை மணி நேரம் தனியாகக் கலக்கிவிட்டுப் பிறகு எண்ணெயை ஊற்றினால் தொடக்கத்தில் வருகிற மந்தம் குறைகிறது. ஆவியைக் குளிரவைத்துத் திரும்பக் குடுவைக்குள் விடுகிற கண்டென்சரை மாட்டி, மெத்தனால் கொதிக்கிற 65 டிகிரியிலேயே வைத்தோம். முதல் ஒரு மணி நேரம் மோர் மாதிரி வெளுத்துக் கலங்கியே கிடக்கும், ஒன்றும் நடக்காதது போலத்தான் தெரியும். அதற்குப் பிறகு சட்டென்று இளகி, கலக்கியை நிறுத்தினால் துகள்கள் கட்டிகட்டியாக அடியில் உட்காருகின்றன. மூன்று மணி நேரத்தில் நிறுத்தி, வடிகட்டி, மெத்தனாலை வாலை வடித்துத் திரும்ப எடுத்துக்கொண்டு, பிரிபுனலில் ஒரு ராத்திரி. மேலே தேன் நிறத்தில் எஸ்டர், கீழே கருத்த கிளிசரால்.

முடிந்ததா என்று பார்க்க எளிமையான வழி, 3 மி.லி. எஸ்டரை 27 மி.லி. மெத்தனாலில் விட்டுக் குலுக்குவது. எஸ்டர் மெத்தனாலில் கரையும், மாறாத எண்ணெய் கரையாது, அடியில் துளியாக உருண்டு நிற்கும். உயிருள்ள சுண்ணாம்புக்குத் தெளிவாக நின்றது. மேசையில் ஒரு ராத்திரி திறந்து வைத்த சுண்ணாம்பை அதே அளவில், அதே நேரம் ஓட்டியதற்கு அடியில் தடிமனாக எண்ணெய் நின்றது. இரண்டு குழாய்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த மாணவர்களுக்கு அதற்குமேல் நான் ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மெத்தனாலைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாத பொருள் இது, காரணமும் நமக்குத் தெரியும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. குடித்தால் மட்டும் இல்லை, ஆவியை முகர்ந்தாலும் தோல் வழியாகவும் உள்ளே போகும், கண் பார்வையைத் தின்னும். அதன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. எங்கள் ஆய்வகத்தில் அது பூட்டுக்குள் இருக்கிறது, எடுக்கிறதும் மிச்சம் வைக்கிறதும் பதிவேட்டில் மி.லி. கணக்கில் ஏறுகிறது. திரும்ப வடித்தெடுத்த மெத்தனாலுக்கும் அதே பதிவு. இந்த வசதி இல்லாத இடத்தில் இதைத் தொடவே வேண்டாம்.

கரையாத வினையூக்கி என்று மேலே எழுதினேன், முழுக்கக் கரையாதது இல்லை. கொஞ்சம் கால்சியம் எஸ்டருக்குள்ளும் கிளிசராலுக்குள்ளும் போகத்தான் செய்கிறது. எஸ்டரைக் கழுவின நீரில் அம்மோனியம் ஆக்சலேட் விட்டால் வெண்ணிறமாக வீழ்படிவு வரும், அதுதான் சாட்சி. கழுவும் நீரில் சிட்ரிக் அமிலம் கொஞ்சம் கலந்தால் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது, இரண்டாவது கழுவலிலேயே வீழ்படிவு கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. ஆனால் கண்ணுக்குத் தெரியாதது வேறு, தரத்துக்குள் இருப்பது வேறு. பயோடீசலுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 15607, கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்து கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது, எஸ்டர் அளவு குறைந்தது 96.5 சதவீதம், அமில எண் 0.50-க்குள். இவற்றை அளக்கிற கருவி என்னிடம் இல்லை. அண்ணன் ஆசையாகத்தான் கேட்டார், “எஞ்சினுக்கு ஊத்திப் பாக்கலாமா சார்?” வேண்டாம்ணே என்று சொல்லிவிட்டேன். கால்சியம் இன்ஜெக்டரில் போய்ப் படிந்து நடுக்கடலில் எஞ்சின் நின்றால் அதற்கு யார் பொறுப்பு. இதை எரிபொருள் என்று நான் சொல்லவில்லை, ஒரு கரைப்பானாகத்தான் பார்க்கிறேன்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 2008-இல் ஜப்பானில் கோசு குழுவினர் வினை முடிந்த பிறகு குடுவைக்குள் இருக்கிற திடப்பொருள் என்ன என்று பார்த்தபோது, அது கால்சியம் ஆக்சைடாக இல்லை. வினையில் உண்டான கிளிசராலோடு சேர்ந்து கால்சியம் டைகிளிசராக்சைடு என்ற வேறொரு சேர்மமாக மாறியிருந்தது, பிற்பாதியில் வேலையைச் செய்துகொண்டிருந்ததும் அதுதான். வேகம் ஆக்சைடைவிடக் குறைவு, ஆனால் காற்றைத் தாங்குகிறது. இதைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். நமக்கு இல்லாதது வேகம் இல்லையே, காற்றைத் தாங்குகிற குணம்தானே! சுண்ணாம்பைச் சுண்ணாம்பாகவே காப்பாற்ற ஏன் போராட வேண்டும்? உலையில் இருந்து எடுத்த அன்றைக்கே கிளிசராலோடு சேர்த்து மாற்றி வைத்துவிட்டால்?

செய்தது இதுதான். 5 கிராம் புதிய சுண்ணாம்பு, கணக்குப்படி தேவைப்படுகிற 16 கிராமைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிளிசரால், நிறைய மெத்தனால், 60 டிகிரியில் கலக்கல். முதலில் ஆய்வகக் கிளிசரால் வைத்துச் செய்தோம், பிறகு எங்கள் பிரிபுனலின் அடியில் நின்ற கருப்புக் கிளிசராலையே பயன்படுத்தினோம். பொடி மெதுவாக உப்பி, தூளாக இருந்தது மெத்தென்று ஆகிறது. வடிகட்டி, மெத்தனாலில் கழுவி, ஆய்வக ஓவனில் காயவைத்தால் லேசான, கையில் ஒட்டாத வெள்ளைத் தூள். எங்கள் கருப்புக் கிளிசராலில் செய்தது மட்டும் சந்தன நிறம், அதில் இருந்த சோப்பு போக மூன்று நான்கு தடவை கூடுதலாகக் கழுவ வேண்டியிருந்தது. மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனையை இதில் செய்தால் சூடு வராது, ஏமாந்து தூக்கி எறிந்துவிட வேண்டாம்.

அதே வாட்ச் கிளாஸ், அதே மேசை, அதே மாதிரி ஒரு ராத்திரி திறந்து வைத்து, காலையில் 5 கிராம் எடுத்து வினையில் போட்டோம். எடைக்கு எடை பார்த்தால் இதில் இருக்கிற கால்சியம் ஆக்சைடில் இருப்பதில் கால் பங்குதான், அதனால் மூன்று மணி நேரத்தில் முடியும் என்று எதிர்பார்க்கவில்லை. மூன்று மணி நேரத்தில் 27 மி.லி. சோதனையில் லேசான மூடாப்பு இருந்தது, ஐந்து மணி நேரத்தில் தெளிந்தது. திறந்து வைத்த சுண்ணாம்பு எங்கே நின்றது, இது எங்கே வந்தது! தொடக்கத்தில் வருகிற அந்த ஒரு மணி நேர மந்தமும் இதில் இல்லை. இப்போது ஒரு சாதாரணத் திருகுமூடிக் குப்பியில், டெசிகேட்டருக்கு வெளியே, அலமாரியில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காற்றையும் அப்படியே உட்கார்ந்து தாங்குகிறதா என்று பார்க்கத்தான் வைத்திருக்கிறேன். ஒரு குறையும் சொல்லிவிட வேண்டும், இதிலும் கால்சியம் கரையாமல் இல்லை, ஆக்சலேட் வீழ்படிவு வரத்தான் செய்கிறது, சிட்ரிக் கழுவல் இதற்கும் உண்டு.

கழுவி, ஈரம் ஓட்டிய எஸ்டரை என்ன செய்தோம்? அண்ணன் வீட்டில் கழற்றிப் போட்டிருந்த எஞ்சின் உறுப்புகளில் கருப்பாக இறுகின கிரீஸ். வழக்கமாக அவர்கள் இதற்கு டீசலையோ பெட்ரோலையோ ஊற்றித் தேய்ப்பார்கள். எஸ்டர் பெட்ரோல் மாதிரி உடனே வெட்டாது, பிரஷால் பூசிவிட்டு அரை மணி நேரம் விட வேண்டும். அதற்குப் பிறகு துணியால் துடைத்தால் பல்சக்கரத்தின் இடுக்கு வரை இரும்பு நிறம் தெரிகிறது. ஆவியே எழும்பாததால் தலைவலி இல்லை, பக்கத்தில் பீடி பற்றவைத்தால் பயந்து ஓட வேண்டியதும் இல்லை (மெத்தனாலைச் சுத்தமாக வடித்து எடுத்திருந்தால் மட்டும்தான் இதைச் சொல்ல முடியும், ஆகவே கடைசியாக 80 டிகிரியில் வெற்றிடத்தில் வைப்பதை விட்டுவிடாதீர்கள்). கடைசியில் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவினால் பிசுக்கும் போய்விடும். ரப்பர் வாஷர், ஹோஸ், ஆயில் சீல் எல்லாவற்றையும் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள், எஸ்டரில் ஊறினால் ரப்பர் உப்பி இளகிவிடும். பெயின்ட்டையும் தூக்கிவிடும், படகின் மேல் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும்.

இப்போதைக்குக் கையில் இருக்கிற வேலை, பயன்படுத்தித் தீர்ந்த சுண்ணாம்பையும் கிளிசராக்சைடையும் திரும்ப உலையில் போட்டு 900 டிகிரியில் எரித்து மறுபடி சுண்ணாம்பாக எடுப்பது. மேலே ஒட்டின எண்ணெய் எரிகிறபோது புகை அதிகம் வருகிறது, அதற்கு முன் மெத்தனாலில் ஒரு தடவை அலசினால் குறையும். அப்படி எடுத்ததை மறுபடியும் எங்கள் கருப்புக் கிளிசராலில் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்த பிறகு அதன் அளவுகளை எழுதுகிறேன்.